கன்னத்தில் கத்திரிப்பூ நிறக் கோடு

"திங்கள். மாமாவும் அவர் தம்பியும் முதல் பஸ்ஸில் பட்டணம். மாலை அக்கா வீட்டுக்குப் போனேன். கோடு விஷயம் சொன்னாள். நாளை நாங்களும் போகிறோம்."

1972ஆம் ஆண்டு நாட்குறிப்பில், ஆவணி மாதத்துப் பக்கம் ஒன்றில் நான் எழுதிவைத்தது இவ்வளவுதான். தேதி இருந்த மூலையில் எண்ணெய் ஊறி எண் மறைந்துவிட்டது. சில பக்கங்கள் தள்ளிச் சதுர்த்திக்குக் களிமண் பிள்ளையார் வாங்கியதை எழுதியிருக்கிறேன். ஆகவே சதுர்த்திக்கு முந்தைய ஏதோ ஒரு திங்கட்கிழமை அது என்பது மட்டும் நிச்சயம். அன்று காலை பட்டணத்து ஆஸ்பத்திரியில் என்ன நடந்தது என்று பிறகு பலரிடம் விசாரித்தேன். தெரிந்தவரை வரிசையாக எழுதுகிறேன்.

மாமா என்று நான் சொல்வது என் அக்காவின் கணவரை. எங்கள் ஊரில் நெசவாளர்கள் இருக்கும் பிள்ளையார்பாளையத்தில் சொந்தத் தறி வைத்துப் பட்டுப் புடவை நெய்தவர். தறிக்குழியில் காலை இறக்கி உட்கார்ந்துவிட்டால் சாப்பாட்டுக்குத்தான் எழுந்திருப்பார். பட்டுக்குப் பக்கத்தில் பீடி பற்றவைக்க முடியாது. ஒரு பொறி விழுந்தால் புடவை போச்சு. அதனால் எங்கள் தெருக்களில் நெய்கிறவர்களுக்குப் புகையிலைதான். வெற்றிலை, சுண்ணாம்பு, புகையிலை எல்லாம் சேர்த்து உருட்டிக் கன்னத்தில் அடக்கிக்கொள்வார்கள். துப்புவதற்கும் எழுந்து போக வேண்டும் என்பதால் நெடுநேரம் துப்பவும் மாட்டார்கள். மாமாவின் இடது கன்னம் எப்போதும் கொஞ்சம் உப்பலாகவே இருக்கும். கல்யாணப் போட்டோவிலும் அப்படித்தான் இருக்கிறது.

அந்த ஆண்டு வைகாசியில், கருட சேவைக்கு வந்த கூட்டம் கலைந்த சமயம், நான் குமாஸ்தாவாக இருந்த பள்ளிக்கூடத்தில் ஒரு மருத்துவ முகாம் நடந்தது. கோடை விடுமுறை என்பதால் கூடம் காலியாக இருந்தது. பட்டணத்திலிருந்து வந்த டாக்டர்கள் பெஞ்சுகளை வரிசையாகப் போட்டு, டார்ச் விளக்கும் தட்டையான மரக்குச்சியும் வைத்துக்கொண்டு, வருகிறவர்களின் வாயைத் திறந்து பார்த்தார்கள். புற்றுநோய் என்ற சொல்லை அழைப்பில் போடவில்லை. போட்டால் யாரும் வரமாட்டார்கள் என்று தலைமையாசிரியர் எடுக்கச் சொல்லிவிட்டார். மாமா எனக்குச் சாப்பாடு கொண்டுவந்தவர். வரிசையைப் பார்த்துவிட்டு அதிலேயே நின்றுவிட்டார்.

"இன்னா மச்சான், மாட்டுச் சந்தையில பல்லு பாக்குற மாதிரி பாக்குறாங்கோ. நான் எவ்ளோக்குப் போவேன்னு கேட்டுச் சொல்லேன்."

வரிசை முழுக்கச் சிரித்தது. அவர் முறை வந்தது. டாக்டரம்மா டார்ச்சை இடப்பக்கம் சாய்த்தார். மரக்குச்சியால் கன்னத்தை விலக்கினார். பிறகு கையுறை போட்டுக்கொண்டு விரலால் தடவிப் பார்த்தார். மற்றவர்களுக்கு ஆன நேரத்தைவிட அதிக நேரம் ஆயிற்று.

"எவ்வளவு நாளா இந்தப் பக்கத்துல அடக்கறீங்க?"

"தறியில உக்காந்த நாளா, டாக்டரம்மா."

"காரம் பட்டா எரியுதா?"

"எங்க வூட்டுக்காரி வைக்குற கொழம்பு எந்தப் பக்கம் பட்டாலும் எரியும்."

இதற்கு யாரும் சிரிக்கவில்லை. எல்லாரும் டாக்டரம்மாவின் முகத்தைப் பார்த்துவிட்டிருந்தார்கள்.

பட்டணத்து ஆஸ்பத்திரியில் கன்னத்திலிருந்து சிறு துண்டு சதை எடுத்துச் சோதித்து, புற்று என்று சொன்னார்கள். முற்றுவதற்கு முன்னால் பார்த்தாயிற்று, கரண்ட் வைத்தால் குணமாக வழி இருக்கிறது என்றும் சொன்னார்கள். கதிர் சிகிச்சைக்கு அப்போது எல்லாரும் சொன்ன பெயர் அதுதான். முதலில் இடப்பக்கத்துப் பற்களைப் பிடுங்கினார்கள். அந்தப் புண் ஆறிய பிறகு டாக்டர் அவரைப் படுக்கவைத்து, படம் எடுத்து, அளந்து, இடது கன்னத்தில் கத்திரிப்பூ நிற மையால் ஒரு கட்டம் வரைந்தார். காதுக்கு முன்னால் தொடங்கி வாய் ஓரம் வரை. கீழே தாடையை ஒட்டி. அந்தக் கட்டத்துக்குள்தான் மிஷினிலிருந்து கதிர் பாயும். நர்ஸ் அக்காவை உட்காரவைத்துச் சொன்னார்.

"இந்தக் கோடு அழியக் கூடாதும்மா. சோப்பு போடக் கூடாது, எண்ணெ தடவக் கூடாது, அந்தப் பக்கம் சவரம் பண்ணக் கூடாது. கோடு தப்பினா கரண்ட் நோய் இருக்குற எடத்த வுட்டுட்டு நல்ல எடத்துல பாயும். அழிஞ்சா ஒடனே எங்ககிட்ட சொல்லுங்க."

திங்கள் முதல் வெள்ளி வரை சிகிச்சை. ஆஸ்பத்திரிக்குப் பக்கத்தில் ஒரு அறை எடுத்து மாமா தங்கினார். துணைக்கு அக்கா ஒரு வாரம், மாமாவின் தம்பி ஒரு வாரம். வெள்ளி மாலை ஊருக்கு வந்து, திங்கள் முதல் பஸ்ஸில் போவார்கள். சில நாளிலேயே வாய் முழுக்கப் புண்ணாகிப் பேச்சு நின்றது. அக்கா வெந்நீரில் உப்பும் சோடா உப்பும் கலந்து அடிக்கடி கொப்பளிக்கவைப்பாள். பார்லிக் கஞ்சியை ஆறவைத்து வடிகட்டிக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றுவாள். டார்ச் அடித்து, கரண்டிக் காம்பால் கன்னத்தை விலக்கிப் புண்ணைப் பார்க்கவும் நர்ஸ் அவளுக்குக் கற்றுக்கொடுத்திருந்தார். கோட்டின் மேல் துணி உரசாதபடி மாமாவின் தலையணைக்குப் பழைய பட்டில் உறை தைத்திருந்தாள்.

சிகிச்சை பாதி நடந்திருந்தபோது ஒரு சனிக்கிழமை, பக்கத்துக் கிராமமான கூரத்தில் மாமாவின் பங்காளி ஒருவர் இறந்துவிட்டார். பங்காளிகளில் மாமா மூத்தவர். போகாமல் இருக்க முடியாது. சுடுகாட்டிலிருந்து திரும்புகிறவர்கள் தலைமுழுகாமல் வீட்டுக்குள் வரக் கூடாது. தறி இருக்கிற வீட்டில் இந்த விஷயத்தில் இன்னும் கண்டிப்பு. தீட்டோடு தறியில் நீளவாக்கில் கட்டிய பாவு நூலைத் தொட்டால் இழை அறும் என்று நம்பினார்கள். மாமா துண்டை மடித்துக் கன்னத்தோடு சேர்த்துத் தலையைச் சுற்றிக் கட்டிக்கொண்டு குளத்தில் இறங்கினாராம். மூன்று முழுக்கு. கரையேறித் துண்டை அவிழ்த்தபோது கட்டம் துண்டில் இருந்தது.

இதையெல்லாம் அக்கா அந்தத் திங்கட்கிழமை மாலைதான் என்னிடம் சொன்னாள். நான் ஊர் நடுவில் வேறு தெருவில் இருந்தேன். துண்டோடு வீட்டுக்கு வந்த மாமா, பேச முடியாமல் அதை விரித்துக் காட்டினாராம். அக்காவுக்குக் கைகால் ஓடவில்லை. மாமாவின் தம்பிதான் தேற்றினார்.

அவர் தொழில் பட்டுக்குச் சாயம் போடுவது. விரல் நுனிகள் எப்போதும் அரக்கு நிறமாகவே இருக்கும். யாராவது ஒரு பழைய புடவையிலிருந்து ஓர் இழை உருவிக் கொடுத்தால், அதே நிறத்தில் ஒரு பாவுக்கு வேண்டிய பட்டு நூலை முக்கி எடுத்துத் தருவார். இழையைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் எது பழையது, எது புதியது என்று தெரியாது. ஊரில் அவருக்கு அந்தப் பெயர் இருந்தது.

முன்பு துணைக்கு இருந்த வாரத்தின் வெள்ளிக்கிழமை, ஆஸ்பத்திரி வராந்தாவில் அவர் ஒன்றைப் பார்த்திருந்தார். முசரவாக்கத்துக்கார நோயாளி ஒருவர் தெரியாமல் கோட்டைக் கழுவிக்கொண்டு வந்துவிட்டார். நர்ஸ் எல்லார் முன்னாலும் அவரைத் திட்டினார். அன்று அவருக்குக் கரண்ட் வைக்காமல் வெளியே அனுப்பினார்கள். மாமாவின் தம்பி பார்த்தது அதுவரைதான்.

"ஆஸ்பத்திரியில சொன்னா, போய்ட்டு வாங்கன்னு அனுப்பிடுவாங்க, அண்ணி. பாதியில வுட்டா நோய் திரும்பிக்கும்னு டாக்டரே சொன்னாரு. துண்டுல நெறம் இருக்குது. அடையாளத்துக்கு அது போதும் எனக்கு."

"அது அவங்க போட்ட கோடு, தம்பி."

"அவங்களும் கையாலதான போட்டாங்க?"

ஞாயிற்றுக்கிழமை காலை அவர் துண்டின் கறையைப் பார்த்துப் பார்த்துப் பட்டுச் சாயத்தைக் கலக்கினார். மாமாவின் கன்னத்தில் அங்கங்கே லேசாக நிறம் மிச்சம் இருந்தது. பாவில் குறி போடும்போது பிடிப்பதுபோல, ஓர் இழையை ஒரு புள்ளியிலிருந்து இன்னொரு புள்ளிக்கு இழுத்து, முனையை அக்காவைப் பிடிக்கச் சொன்னார். இழையை ஒட்டி ஈர்க்குச்சியால் இழுத்தார். நான்கு பக்கமும் இழுத்து முடித்ததும் ஈரத்துணியால் துடைத்துக் காட்டினார். துணியில் ஒன்றும் ஒட்டவில்லை.

"பட்டும் தோலும் ஒண்ணுதான், அண்ணி. ரெண்டும் உசுருலேர்ந்து வந்தது. புடிச்சா வுடாது. இனிமே இவரு தெனம் குளிக்கலாம்."

மாமா கண்ணாடியில் பார்த்துத் தம்பியின் முதுகில் தட்டிக்கொடுத்தாராம்.

"அப்புறம் என்ன?" என்று கேட்டேன்.

அக்கா அடுப்படியில் உட்கார்ந்திருந்தாள். திங்கள் விடியற்காலை அவர்களைப் பஸ் ஏற்றிவிட்டு வந்ததிலிருந்து அவள் அடுப்பே மூட்டவில்லை.

"கோடு ரொம்ப நேரா இருக்குதுடா. அவங்க போட்டது அவ்ளோ நேரா இல்ல. தாடகிட்ட வந்து கொஞ்சம் மேல வளஞ்சிருந்துச்சு. நான் தெனம் பாத்த கோடு அது. இழையப் புடிச்சுக்கினு இருந்தப்போ எனக்குத் தோணல. அவர் பஸ்ல ஏறி இந்தப் பக்கமா திரும்பினப்போதான் தோணுச்சு. டாக்டரு தொண்டப் பக்கம் படாம இருக்கத்தான வளச்சிருப்பாரு?"

டாக்டர் ஏன் வளைத்தார் என்பது எனக்கும் தெரியாது. கதிர் சிகிச்சை பற்றி நூலகத்தில் கிடைத்ததை வாசித்திருந்தேன். பாய்வது கண்ணுக்குத் தெரியாது, படுத்திருப்பவருக்குச் சூடுகூடத் தெரியாது, பட்ட இடம் பிறகுதான் காட்டும் என்ற அளவுக்குத் தெரியும். அதை அக்காவிடம் சொல்லவில்லை. ஆஸ்பத்திரியைத் தொலைபேசியில் பிடிக்க எங்களுக்கு வழியில்லை. அன்றைய கரண்ட் எப்படியும் வைத்து முடித்திருப்பார்கள். மறுநாளையதற்கு முன் போய்விட வேண்டும் என்று முடிவுசெய்தோம்.

செவ்வாய்க்கிழமை முதல் பஸ் ஸ்ரீபெரும்புதூர் வரை ஒழுங்காகப் போயிற்று. அங்கே டிரைவர் டீ குடிக்க இறங்கினார். கண்டக்டரும் இறங்கினார். அக்கா ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு டீக்கடையையே பார்த்தாள். பூந்தமல்லியில் ஒரு கல்யாணக் கூட்டம் ஏறியது. அண்டா, குண்டான் எல்லாம் மேலே ஏற்றும் வரை வண்டி நின்றது. அக்கா வழி முழுக்க ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள்.

"மொதல்ல கூப்புடற பேரு அவரோடதா இருக்காது இல்ல?"

வராந்தாவில் மாமா சுவரோரம் பெஞ்சில் இருந்தார். எனக்கு மூச்சு வந்தது. கன்னத்தைப் பார்த்தேன். விஷயம் தெரியாவிட்டால் நான் ஆஸ்பத்திரிக் கோடு என்றுதான் நினைத்திருப்பேன். நிறம் அப்படிப் பொருந்தியிருந்தது. பக்கத்தில் மாமாவின் தம்பி. எங்களைப் பார்த்ததும் எழுந்து வந்தார்.

"இன்னா அண்ணி, வூட்ட வுட்டுட்டு?"

"நேத்து கரண்ட் வச்சாங்களா?"

"இல்ல. மிஷின் ரிப்பேருன்னு சொல்லிட்டாங்க."

அக்கா மாமாவைப் பார்த்தாள். மாமா உள்ளங்கையைக் கவிழ்த்துக் காட்டினார், படுத்ததுபோல. பிறகு கையை மேலே தூக்கினார்.

"படுக்க வச்சாங்க, அப்பறம் எழுப்பிட்டாங்க. அதத்தான் சொல்றாரு" என்றார் தம்பி.

"கோட்டப் பாத்து ஒண்ணும் கேக்கலயா?"

"கேட்டாங்க. இவ்ளோ நாளா எப்டி அழியாம வச்சிருக்கீங்கன்னு கேட்டாங்க. எல்லாரும் ஒங்க மாதிரி இருந்தா எங்களுக்கு வேலையே இல்லன்னு சொன்னாங்க." அதைச் சொல்லும்போது அவருக்குக் கொஞ்சம் பெருமையாகவே இருந்தது.

"நான் சிஸ்டர்கிட்ட சொல்லிடப்போறேன்."

தம்பியின் குரல் தாழ்ந்தது. "வாணாம் அண்ணி. அனுப்பிட்டாங்கன்னா அந்தப் பாவத்த யாரு சொமக்குறது? நாலு வாரமா கஞ்சித் தண்ணியில கெடந்தாரு. அத்தனையும் வீணாப்பூடும். ஒரு வெரக்கடை முன்னப்பின்ன இருக்கும், அவ்ளோதான். தறியில நான் வெரக்கடை தப்பி வுட்டிருக்கேனா?"

"தறியில தப்புன்னா அவுத்துக் கட்டலாம், தம்பி."

அப்போது உள்ளேயிருந்து மாமாவின் பெயரைக் கூப்பிட்டார்கள். மாமா எழுந்து, யாரையும் பார்க்காமல், நேராக உள்ளே போனார். மிஷின் இருந்த அறைக்குக் கனமான கதவு. நோயாளியைப் படுக்கவைத்து, எல்லாரும் வெளியே வந்து, கதவைச் சாத்தினால் மேலே சிவப்பு விளக்கு எரியும். எரிந்தால் கதிர் பாய்கிறது என்று அர்த்தம்.

அக்கா நடந்தாள். தம்பி குறுக்கே வந்து நின்றார். அண்ணியைக் கையால் தொட்டுத் தடுக்கிற வழக்கம் எங்களில் இல்லை. அவள் இந்தப் பக்கம் ஒதுங்கினால் அவரும் இந்தப் பக்கம். அந்தப் பக்கம் போனால் அந்தப் பக்கம். வராந்தாவில் இருந்தவர்கள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் அவர் தோளைப் பிடித்து நகர்த்தினேன். அவர் என்னோடு மல்லுக்கட்டவில்லை.

நர்ஸ் வெளியே வந்து கதவைத் தள்ளத் தொடங்கியிருந்தார். அக்கா கதவின் விளிம்பில் கையை வைத்தாள்.

"கைய எடும்மா. நசுங்கிடும்."

"சிஸ்டர், அந்தக் கோடு நாங்க போட்டது."

"எந்தக் கோடு?"

"அவரு கன்னத்துல இருக்குறது. நீங்க போட்டது தலமுழுகனதுல போய்டுச்சு. இது எங்க வூட்டு சாயம்."

நர்ஸ் அவளையே பார்த்தார். நம்பவில்லை என்று தெரிந்தது. கதவை விட்டுவிட்டு உள்ளே போய், பஞ்சில் ஸ்பிரிட்டை நனைத்து, மாமாவின் தாடையில் அழுத்தித் துடைத்தார். பஞ்சைத் திருப்பிப் பார்த்தார். வெள்ளையாகவே இருந்தது. இன்னொரு பஞ்சை எடுத்துத் துடைத்தார். அதுவும் வெள்ளை. மாமா கண்ணைத் திறந்து, மேசையிலிருந்து தானே எழுந்து உட்கார்ந்தார்.

"யாரு போட்டது?" என்று வாசலுக்கு வந்து கேட்டார் நர்ஸ்.

மாமாவின் தம்பி கையை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டார். பிறகு எடுத்துவிட்டார். "நான்தாம்மா."

"நல்லாத்தான் போட்டிருக்கீங்க. அதான் தொல்ல."

டாக்டர் வந்தார். கோபப்படுவார் என்று எதிர்பார்த்தோம். கோபப்படக்கூட நேரமில்லாதவர் போல இருந்தார். மாமாவைத் திரும்பவும் படம் எடுத்தார்கள், அளந்தார்கள். பழைய கோட்டை அழிக்க முடியவில்லை என்பதால் புதிய கட்டத்தைப் பச்சை மையில் வரைந்தார். மேல் பக்கமும் காதோரமும் இரண்டு கோடும் கிட்டத்தட்ட ஒன்றாக இருந்தன. கீழே மட்டும் பச்சைக் கோடு தாடையில் மேலே வளைந்து போயிற்று. கத்திரிப்பூ நிறக் கோடு அதற்குக் கட்டைவிரல் அகலம் கீழே, தொண்டையை நோக்கி நேராக ஓடியது. அக்கா அதைப் பார்த்துவிட்டு முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"நேத்து இதுலதான் வச்சாங்களா, டாக்டர்?" என்று நான் கேட்டேன்.

அவர் மாமாவின் சிகிச்சை அட்டையைத் திருப்பிப் பார்த்தார். "அத நாங்க பாத்துக்குறோம். நீங்க இனிமே கோட்டத் தொடாம இருங்க."

யாரையும் ஊருக்கு அனுப்பவில்லை. மறுநாளே பச்சைக் கட்டத்துக்குள் சிகிச்சை தொடர்ந்தது. முசரவாக்கத்துக்காரர் அதே பெஞ்சில், புதுக் கோட்டோடு உட்கார்ந்திருந்தார். அவரை அப்போதே மறுபடி அளந்துவிட்டார்களாம். முந்தைய நாளும் வந்தவர்தான்; கூட்டத்தில் தம்பி அவரைக் கவனித்திருக்கவில்லை.

"என்ன எங்கபா அனுப்பனாங்க? திட்டனாங்க, அவ்ளோதான். எங்க வூட்ல வாங்குறதுக்கு இது இன்னா?" என்றார்.

மாமாவின் தம்பி வராந்தாத் தூணில் சாய்ந்து நின்றார். அன்று முழுக்க எதுவும் சாப்பிடவில்லை.

சிகிச்சை முடிந்து கன்னத்துத் தோல் கறுத்து உரிந்தது. பச்சைக் கட்டத்துக்குள் இருந்த சாயமெல்லாம் அதோடு போயிற்று. கீழ்க்கோடு மட்டும் கொஞ்ச நாள் தனியாக நின்று, பிறகு மெல்ல மங்கியது. அக்கா தினமும் டார்ச் அடித்து முதலில் வாய்க்குள் பார்ப்பாள், பிறகு அந்தக் கோட்டைப் பார்ப்பாள். அது மறையும் வரை அவள் சரியாகச் சாப்பிட்டு நான் பார்க்கவில்லை.

நோய் திரும்பவில்லை. மாமா மறுபடியும் தறியில் உட்கார்ந்தார். எச்சில் ஊறுவது குறைந்துவிட்டதால் பக்கத்தில் ஒரு சொம்பு தண்ணீர் எப்போதும் இருக்கும். புகையிலையைத் தொடவில்லை. குரல் மட்டும் முன்போல வரவில்லை, கொஞ்சம் கட்டையாகிவிட்டது. அது கதிரினாலா, நெடுநாள் பேசாமல் இருந்ததாலா, வயதாலா என்று டாக்டர்கள் பிரித்துச் சொல்லவில்லை. அக்கா மட்டும் அவர் இருமும்போதெல்லாம் நிமிர்ந்து பார்ப்பாள். மாமாவின் தம்பி அதற்குப் பிறகு அண்ணன் வீட்டுத் தறிக்கு எவ்வளவோ பாவுக்குச் சாயம் போட்டுக் கொடுத்தார். கத்திரிப்பூ நிறம் கேட்டு வந்தவர்களை மட்டும் வேறு ஆளிடம் அனுப்பிவிடுவார். திங்கட்கிழமை கரண்ட் வைக்கவில்லை என்று கடைசிவரை சொன்னார்.

நான் விசாரித்ததில் கிடைத்தவை இவை. அந்தத் திங்கட்கிழமை தனக்குக் கரண்ட் வைத்தார்கள் என்றும், தனக்குப் பிறகு மிஷின் நின்றுவிட்டது என்றும் முசரவாக்கத்துக்காரர் சொன்னார். உடனே நின்றதா, இன்னும் ஒருவர் இருவர் போய்வந்த பிறகா என்று அவருக்கு நினைவில்லை. வரிசையில் அவருக்கு அடுத்து மாமா. நர்ஸ் அன்று விடுப்பில் இருந்தார். அட்டையைப் பார்க்க முடியுமா என்று பல வருஷங்கள் கழித்து ஆஸ்பத்திரியில் கேட்டேன். அவ்வளவு பழைய அட்டைகள் இப்போது இல்லை என்றார்கள். மாமாவிடம் நேராகவே ஒரு நாள் கேட்டேன்.

"படுக்க வச்சாங்க, மச்சான். கண்ண மூடிக்கினேன். கதவு சாத்துன சத்தம் கேட்டுது. கொஞ்ச நேரம் கழிச்சு வந்து, எழுந்துக்கோங்க, மிஷின் சரியில்லன்னாங்க. நடுவுல பாஞ்சுதா இல்லியான்னு படுத்துக்கினு இருக்குறவனுக்கு எப்டித் தெரியும்?"

வெளியே பெஞ்சில் இருந்த தம்பி சிவப்பு விளக்கைப் பார்த்திருக்க வேண்டும். எரியவில்லை என்பது அவர் சொல். அதற்கு வேறு சாட்சி எனக்குக் கிடைக்கவில்லை. மாமா இருந்தவரை இடது கன்னத்தில் அந்தக் கட்டத்துக்குள் தாடி முளைக்கவில்லை. அதன் கீழ் ஓரம் பச்சைக் கோட்டைப் போலவே வளைந்திருந்தது. ஒரே ஒரு நாள் பாய்ந்திருந்தால் முடி போகுமளவுக்கு இருக்காது என்று பிற்பாடு ஒரு டாக்டர் சொன்னதால், அதை வைத்தும் முடிவுசெய்ய இயலாது. அந்தத் திங்கட்கிழமை காலை, தம்பி போட்ட கோட்டின்படி மாமாவின் தொண்டைப் பக்கம் கதிர் பாய்ந்ததா என்பது இதை எழுதும் நாள்வரை உறுதிசெய்யப்படவில்லை.